முகம் தெரியாத முதலாளி

பொன்னமராவதி பஸ் நிலையத்துச் சுவரில், சினிமாச் சுவரொட்டிக்கும் மூல வைத்தியரின் விளம்பரத்துக்கும் நடுவே ஒரு சின்ன மஞ்சள் காகிதம் ஒட்டியிருக்கிறது. “வீட்டிலிருந்தபடியே மாதம் 30,000 ரூபாய் சம்பாதிக்கலாம். படிப்புத் தேவையில்லை. அனுபவம் தேவையில்லை. பெண்களுக்கு முன்னுரிமை.” அடியில் ஒரு டெலிபோன் நம்பர். அவ்வளவுதான். ஸ்தாபனத்தின் பெயர் இல்லை. ஊர் இல்லை. என்ன வேலை என்பதுகூட இல்லை. பக்கத்திலிருக்கும் மூல வைத்தியராவது தம் பெயரைப் போட்டு, எந்தக் கிழமையில் எந்த லாட்ஜில் எத்தனையாம் நம்பர் அறையில் இருப்பார் என்று சொல்லியிருக்கிறார். ஏமாந்தவன் போய்ச் சண்டை பிடிக்க ஓர் அறை வாசலாவது உண்டு.

இந்தக் காகிதத்தை ஒட்டியவன் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன். முதல் கோபம், இதைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகிறவர்கள் மேல். “இதையெல்லாம் நம்பி எவனாவது போவானா சார்?” என்று டீக்கடையில் ஒரு நண்பர் கேட்டார். எவனும் போக மாட்டான், வாஸ்தவம். எவளோ போகிறாள்.

அவள் யார் என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். பி.காம். படித்தவள். விடியற்காலையில் பஸ் ஏறி, கம்பியைப் பிடித்து நின்றபடியே பாடம் படித்துத் தேறியவள். பரீட்சை முடிந்த வருஷமே கல்யாணம். புருஷன் சிங்கப்பூரில் இருக்கிறான். அல்லது இதே ஊரில் ஜவுளிக் கடையில் நிற்கிறான். கைக்குழந்தை ஒன்று. சர்க்கரை வியாதிக்கார மாமனார் ஒருவர். பட்டச் சான்றிதழ் பீரோவில் கல்யாணப் புடவைக்கு அடியில் பாச்சை உருண்டை வாசனையோடு படுத்திருக்கிறது. இந்த ஊருக்கு ரயில் கிடையாது. புதுக்கோட்டைக்குச் சுமார் 40 கிலோமீட்டர். திருச்சியும் மதுரையும் இன்னும் எட்ட. நகரப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் வேண்டாம் என்று 2021ல் ஆக்கினார்கள், நல்ல காரியம். ஆனால் போக ஒன்றரை மணியும் வர ஒன்றரை மணியும் செலவாகிறதே, அந்த நேரத்தை யார் கொடுப்பார்கள்? குழந்தையை யாரிடம் விடுவது? சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் பஸ்ஸை விட்டு இறங்கினால் தெரு என்ன பேசும்? இத்தனை கேள்விகளுக்கும் ஒரே பதிலாக அந்த மஞ்சள் காகிதம் வந்து நிற்கிறது: வீட்டிலிருந்தபடியே. இந்த ஒரு சொல்லுக்காக அவள் நம்பரைக் குறித்துக்கொள்கிறாள். முப்பதாயிரத்துக்காக அல்ல. ஐயாயிரம் என்று போட்டிருந்தாலும் குறித்துக்கொண்டிருப்பாள்.

எங்கள் பக்கத்தில் ஒரு பெண்ணுக்கு நடந்ததைச் சொல்கிறேன். நம்பருக்குக் கூப்பிட்டாள். தேன் போன்ற குரலில் ஒருத்தி பேசினாள். “மேடம்” என்று ஒரு வாக்கியத்துக்கு இரண்டு தடவை சொன்னாள். இந்தப் பெண்ணை அதுவரை யாரும் மேடம் என்று கூப்பிட்டதில்லை. டைப் அடிக்கிற வேலைதான். படமாக வரும் பக்கங்களைப் பார்த்து எழுத்தாக அடித்து அனுப்ப வேண்டும். பதிவுக் கட்டணம் 2,500 ரூபாய். முதல் மாதச் சம்பளத்தோடு திருப்பிக் கொடுத்துவிடுவோம் என்றார்கள். அனுப்பினாள். மங்கலான எழுத்தில், வேண்டுமென்றே கோணலாக எடுத்த படங்களாக, 300 பக்கம் வந்தது. ஏழு நாள் கெடு. குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு, இரவு பதினொரு மணிக்கு உட்கார்ந்து மூன்று மணி வரை அடித்தாள். ஏழாம் நாள் அனுப்பினாள். எட்டாம் நாள் பதில் வந்தது: நூற்றுக்கு தொண்ணூறு சரியாக இருந்தால்தான் கூலி, உங்களுடையது எழுபத்து நாலு. அத்தோடு விட்டார்களா? பத்தாம் நாள் ‘வக்கீல்’ ஒருவர் பேசினார். ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்களாம், 9,000 ரூபாய் கட்ட வேண்டுமாம், இல்லாவிட்டால் வடக்கே ஒரு கோர்ட்டில் கேஸ், போலீஸ் வீட்டுக்கு வரும். போனில் கோபுர முத்திரை போட்ட ஒரு நோட்டீஸும் வந்தது. அவள் மோதிரத்தை அடகு வைத்துப் பணத்தைக் கட்டினாள்.

ஒப்பந்தத்தை மீறியதற்காக யாரையும் போலீஸ் பிடித்துக்கொண்டு போகாது, அது சிவில் விவகாரம் என்று அவளுக்குச் சொல்ல ஆள் இல்லை. ஏன் இல்லை? சொன்னால் வீட்டில் திட்டுவார்கள் என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. மோசக்காரனுக்கு இந்த ரகசியம் தெரியும். அவனுடைய முதலீடே அந்தப் பயம்தான். “பெண்களுக்கு முன்னுரிமை” என்று ஏன் போட்டிருக்கிறான் என்பது இப்போது விளங்குகிறதா?

இன்னொரு வகை மோசம் இருக்கிறது. இதில் டைப் அடிக்கிற சிரமம்கூட இல்லை. போனில் ஒரு சினிமாத் துண்டை அனுப்பி, ‘பிடித்திருக்கிறது’ என்ற குறியை அழுத்தினால் ஐம்பது ரூபாய் என்பார்கள். அழுத்தினால் ஐம்பது ரூபாய் நிஜமாகவே வந்து விழும். மறுநாள் நூற்றைம்பது. மூன்றாம் நாள் டெலிகிராமில் ஒரு கூட்டத்தில் சேர்த்துவிடுவார்கள். அந்தக் கூட்டத்தில் இருக்கும் இருநூறு பேரும் தமக்கு வந்த லாபத்தைப் படம் பிடித்துப் போட்டுக்கொண்டே இருப்பார்கள். இருநூறு பேரும் அவர்களுடைய ஆட்களே. ஆயிரம் கட்டினால் ஆயிரத்து முந்நூறு, கிடைக்கும். பத்தாயிரம் கட்டினால் பதின்மூவாயிரம். கணக்கில் காட்டும், கைக்கு வராது. எடுக்க வேண்டுமானால் இன்னும் இருபதாயிரம் கட்டு என்பான். 2023 டிசம்பரில் இந்த வகைப் பகுதிநேர வேலை மோசடி நடத்திய நூற்றுக்கும் மேற்பட்ட இணையதளங்களை மத்திய அரசு முடக்கியது. முடக்கிய கதவுக்குப் பக்கத்திலேயே புதுக் கதவு திறந்துகொள்கிறது. பணம் போன உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேசினால், பணம் கை மாறிக் கை மாறிப் போவதற்குள் வங்கியில் நிறுத்திவைக்க வழி உண்டு. உடனே என்பதுதான் முக்கியம். பயந்து மூன்று நாள் அழுதுவிட்டுப் பேசினால் பிரயோஜனமில்லை.

ஏமாந்தவளைப் பற்றி ஊர் சொல்லும் தீர்ப்பு ஒரே சொல்: பேராசை. எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து, “உக்காந்த எடத்துல காசு வேணும்னா இப்படித்தான்” என்றார். அவருக்கு நான் பதில் சொல்லவில்லை, இங்கே சொல்கிறேன். ஐயா, நீங்கள் உட்கார்ந்த இடத்தில்தான் வாடகை வாங்குகிறீர்கள். பாங்கில் போட்ட பணத்துக்கு உட்கார்ந்த இடத்தில்தான் வட்டி வாங்குகிறீர்கள். அவள் ஏழு இரவு கண் விழித்து 300 பக்கம் அடித்திருக்கிறாள். உங்கள் வட்டிக்கு நீங்கள் எத்தனை இரவு விழித்தீர்கள்? கூலியை எதிர்பார்த்து உழைத்தவளுக்குப் பேராசைக்காரி என்று பெயர் வைப்பது, திருடனுக்கு வக்காலத்து வாங்குவதற்குச் சமானம். 

இதில் எனக்கு இருக்கும் பெரிய வியப்பு என்னவென்றால், முகம் தெரியாத தூரத்தில் இருப்பவனோடு வேலைத் தொடர்பு வைப்பது எப்படி என்பதை உலகத்துக்கே சொல்லிக் கொடுத்திருக்கக்கூடிய சீமை இது! பொன்னமராவதியை ஒட்டிய வலையபட்டியும், 1909ல் சன்மார்க்க சபை கண்ட மேலைச்சிவபுரியும் நகரத்தார் ஊர்கள். அந்தப் பெரிய வீடுகளின் முகப்பில் உட்கார்ந்துகொண்டு ரங்கூனிலும் மோல்மேனிலும் பினாங்கிலும் கடை நடத்தினார்கள். முதலாளி வீட்டில், வேலைக்காரன் கடலுக்கு அப்பால். 1930 வாக்கில் பர்மாவில் மட்டும் சுமார் 1,650 செட்டியார் கடைகள் இருந்தன என்று கணக்கு. டெலிபோன் இல்லை. கடிதம் கப்பலில் போய்க் கப்பலில் வர வேண்டும். எப்படி நடந்தது?

ஏஜெண்டு மூன்று வருஷக் கணக்கில் போவான். போவதற்கு முன் சம்பளச் சீட்டு எழுதுவார்கள். இன்னார் கடையில், இந்த ஊரில், இவ்வளவு காலத்துக்கு, இவ்வளவு சம்பளம் என்று அதில் இருக்கும். சம்பளத்தில் ஒரு பகுதியை முன்னாலேயே கொடுப்பதும் வழக்கம். கவனியுங்கள்: வேலைக்குச் சேருகிறவன் முதலாளிக்குப் பணம் கட்டவில்லை, முதலாளி வேலைக்குச் சேருகிறவன் வீட்டில் பணத்தைக் கொடுத்துவிட்டுத்தான் கப்பல் ஏற்றினான். ஏஜெண்டுக்கு முதலாளியின் கோயிலும் தெரியும், குலமும் தெரியும், வீட்டு வாசலும் தெரியும். முதலாளிக்கும் அப்படியே. பெட்டியடிப் பையனாகப் போனவன் அடுத்தாளாகி, மேலாளாகி, ஏஜெண்டாகித் திரும்பினான். பேரேடும் ஐந்தொகையும் கடல் தாண்டி வந்துகொண்டே இருந்தன.

பழம்பெருமை பாடுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். கடன் வாங்கிய பர்மியக் குடியானவனைக் கேட்டால் வேறு கதை சொல்லியிருப்பான். விலைவாசி சரிந்த அந்தப் பத்து வருஷத்துக்குள் கீழ்ப் பர்மாவின் நெல் நிலத்தில் ஏறக்குறைய கால் பாகம் செட்டியார் கைக்கு வந்துவிட்டது. அதன் பலனும் பிறகு வந்தது. நான் சொல்ல வந்தது அந்தத் தொழிலின் நியாயத்தை அல்ல. தூரத்து வேலைக்கு ஒரு சீட்டு, ஒரு பெயர், ஒரு வாசல் வேண்டும் என்பதை எழுதப்படிக்கத் தெரியாத சமையல்காரன் வரைக்கும் தெரிந்து வைத்திருந்த ஊரில், இன்று பி.காம். படித்த பெண்ணுக்கு அதைச் சொல்ல ஆள் இல்லை என்பதைச் சொல்கிறேன்.

அதே பர்மா இன்று இந்தக் கதையில் இன்னொரு விதமாக வருகிறது. 2022ல், தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று ஆசை காட்டி அழைத்துப் போகப்பட்ட இந்திய இளைஞர்களை எல்லை கடத்தி, மியான்மரில் மியாவாடி என்ற இடத்தில் அடைத்து வைத்தார்கள். அவர்களில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள். அங்கே அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட வேலை, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து முகம் தெரியாதவர்களை ஏமாற்றுவது. மாட்டேன் என்றவர்களுக்கு அடி. அந்த வருஷம் அக்டோபரில் ஒரு தொகுதியினர் மீட்கப்பட்டுச் சென்னை வந்து சேர்ந்தார்கள். தேன் போலப் பேசுகிற ஒவ்வொரு குரலும் அப்படிச் சிறைப்பட்ட குரல் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலும் சொகுசான நாற்காலியிலிருந்துதான் பேசுவான். ஆனால் சீட்டு இல்லாமல் புறப்பட்ட ஒருவனைக் கொண்டு, சீட்டு இல்லாமல் வேலைக்குச் சேர்ந்த ஒருத்தியை ஏமாற்றுகிற வியாபாரமும் பூமியில் நடக்கிறது. அதை எண்ணிப் பாருங்கள்.

வீட்டுக்கு வேலை கொண்டுவருவது கம்ப்யூட்டரோடு பிறந்த விஷயமும் அல்ல. திருநெல்வேலிச் சீமையில் பீடி சுற்றும் பெண்களைப் பாருங்கள். தலைமுறை தலைமுறையாக வீட்டிலிருந்தபடியே வேலை. கடைக்காரன் இலையும் தூளும் நிறுத்துக் கொடுப்பான். சுற்றிக் கொண்டுபோய்ப் போட்டால், ‘இது சரியில்லை, அது சரியில்லை’ என்று ஒரு கை அள்ளிக் கழித்துத் தள்ளுவான். கழித்த பீடிக்குக் கூலி இல்லை. பீடியும் திரும்பி வராது. நூற்றுக்கு எழுபத்து நாலுதான் சரி என்று போனில் சொன்னானே ஒருவன், அவன் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. பீடிக் கடைக்காரனின் கழிவுக் கணக்கைத்தான் எழுத்துக்கு மாற்றியிருக்கிறான். ஒரே வித்தியாசம், பீடிக் கடைக்காரனுக்கு முகம் உண்டு. முகம் இருந்ததால் அவன்மேல் சட்டம் போட முடிந்தது.

1966ல் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வந்தது. வீட்டில் உட்கார்ந்து சுற்றுகிறவளும் தொழிலாளிதான் என்று அது ஒப்புக்கொண்டது. கழித்துத் தள்ளுவதில் தகராறு வந்தால் விசாரிக்க வழி வைத்தது. முதலாளிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். அவள் வீடு எங்கள் தொழிற்சாலை அல்ல, அவள் எங்கள் ஆள் அல்ல, நடுவில் இருக்கும் கான்டிராக்டரின் ஆள் என்று வாதாடினார்கள். வீட்டில் பீடி சுற்றுகிறவளுக்கும் வருங்கால வைப்பு நிதி உண்டு என்று 1985ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சட்டத்தை எத்தனை பேர் மதித்தார்கள் என்பது தனிக் கதை. கழிவுக் கூடை இன்னும் காலியாகவில்லை. ஆனாலும் ‘நீ வீட்டில்தானே இருக்கிறாய், நீ எப்படித் தொழிலாளி?’ என்ற கேள்விக்கு இந்த நாட்டு நீதிமன்றம் நாற்பது வருஷத்துக்கு முன்பே பதில் சொல்லிவிட்டது. 2020ல் இயற்றிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும், தன் வீட்டிலிருந்து ஒரு முதலாளிக்காகப் பொருளோ சேவையோ செய்து கொடுத்துக் கூலி வாங்குகிறவருக்கு ஓர் இலக்கணம் எழுதியிருக்கிறார்கள். அந்தத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்திருக்கிறது. வீட்டு வேலை பற்றி 1996ல் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் செய்த உடன்படிக்கையை மட்டும் இந்தியா ஏற்று உறுதி செய்யவில்லை. 

நான் இதற்கெல்லாம் விரோதி அல்ல. வேலை வீட்டுக்கு வரட்டும் என்பதே என் கட்சி. நிஜமான வேலை இருக்கிறது. அதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் பையன்களும் பெண்களும் பெட்டியோடு ஊர் திரும்பி, மாட்டுத் தொழுவத்துக்குப் பக்கத்து அறையில் உட்கார்ந்து அமெரிக்கக்காரனுக்குக் கணக்குச் சொன்னார்கள். அதற்கு முன்பெல்லாம் வாடிக்கையாளரோடு டெலிபோனில் பேசும் கம்பெனிகள் தம் ஊழியரை வீட்டிலிருந்து வேலை செய்யவிட வேண்டுமானால் அரசாங்கத்திடம் ஜாமீன் பணம் கட்ட வேண்டும் என்று விதி இருந்தது. 2020 நவம்பரில் அதை எடுத்துவிட்டார்கள். கம்பெனிக்கு ஜாமீன் போயிற்று. ஊழியப் பெண்ணிடம் ‘ஜாமீன்’ கேட்கிறவன் வந்து சேர்ந்தான். வேடிக்கையைப் பாருங்கள்!

நிஜ வேலைக்கு ஒரு லட்சணம் உண்டு. அது படிப்புத் தேவையில்லை, அனுபவம் தேவையில்லை என்று சொல்லாது. உனக்கு என்ன தெரியும் என்று கேட்கும், பரீட்சை வைக்கும், உன் முகத்தைப் பார்க்கும், தன் முகத்தையும் காட்டும், நியமனக் கடிதத்தில் கம்பெனியின் பெயரும் விலாசமும் இருக்கும், ஒரு காசு கேட்காது. பாதிப் பேரைத் திருப்பி அனுப்பிவிடும். அதனால்தான் அது சுவரில் ஒட்டப்படுவதில்லை. மத்திய அரசின் கம்பெனி விவகாரத் துறை இணையதளத்தில் ஒரு கம்பெனியின் பெயரைப் போட்டால், அது பதிவானதா இல்லையா என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டைப் பற்றி மூன்று ஊரில் விசாரிக்கிறோம். முதலாளியைப் பற்றி ஓர் இடத்தில் விசாரித்தால் என்ன குறைந்துவிடும்?

பி.காம். படித்தவளுக்கு டெலிகிராம் வேண்டாம். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது முதல் அதில் பதிவு செய்த ஹார்டுவேர் கடைக்காரரும் அரிசி ஆலைக்காரரும் தவணை தவறாமல் கணக்கு அனுப்பித் தீர வேண்டியிருக்கிறது. காரைக்குடியிலும் திருச்சியிலும் ஆடிட்டர் ஆபீஸ்களில் பில் கட்டுகள் மலையாகக் கிடக்கின்றன. டாலி தெரிந்த ஒரு பெண், மாதம் ஒரு தடவை போய்க் கட்டை வாங்கி வந்து, வீட்டில் ஏற்றி அனுப்பலாம். சம்பளம் முப்பதாயிரம் வராது. ஆரம்பத்தில் அதில் கால் பங்குகூட வராமல் போகலாம். ஆனால் ஆடிட்டருக்கு முகம் உண்டு, வாசலில் பலகை உண்டு, கூலி கொடுக்காவிட்டால் அவர் ஆபீஸ் வாசலில் போய் நிற்கலாம். சிங்கப்பூரிலும் கனடாவிலும் இருக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் வழியே தமிழ் சொல்லிக் கொடுக்கும் பெண்கள் இருக்கிறார்கள். அதுவும் பெரும்பாலும் தெரிந்தவர் மூலமாகவே வருகிறது. நிஜ வேலை இன்றும் அந்த வழியில்தான் நடந்து வருகிறது: தெரிந்தவருக்குத் தெரிந்தவர்.

சரி, நல்ல வேலையே வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வேலை வீட்டுக்குள் நுழைகிறது. இப்போதுதான் நம் வீடுகளின் லட்சணம் வெளியே வருகிறது.

காலை பத்து மணி. அவள் சுவர் ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, காதில் மாட்டிக்கொண்டு பேசுகிறாள். மறுமுனையில் சென்னையில் மேலதிகாரி. மாமியார் கூடத்திலிருந்து குரல் கொடுக்கிறார்: “ஏத்தா, கேஸ்காரன் வந்திருக்கான் பாரு.” அவள் கையைக் காட்டுகிறாள். “கையைக் காட்டுனா எனக்கென்ன தெரியும்? வாயத் தொறந்து சொல்லு.” பத்தரைக்கு நாத்தனார் வருகிறாள். “என்ன அண்ணி, வந்தவள வாங்கன்னு சொல்லக்கூட நேரமில்லையா? போனே கதியா இருக்கீங்க.” பதினொன்றுக்கு மாமனாருக்குக் கஞ்சி. பன்னிரண்டுக்குக் குழந்தை எழுந்துவிட்டது. ஒரு மணிக்கு, மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாள் என்பது எல்லோருக்கும் அப்போதுதான் நினைவுக்கு வருகிறது. கரண்ட் சாயங்காலம்தான் வரும். மேலதிகாரி கேட்கிறார்: “உங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் இல்லையா?” இருந்தது, ஆனால் அது டெலிவிஷன் இருக்கிற அறைக்கு மட்டும் இணைத்திருக்கிறது.

இரவு புருஷன் கேட்கிறான்: “வீட்லதானே இருந்த, சாம்பார் ஏன் இப்படி இருக்கு?”

இதே வீட்டில் இதே வேலையை அவன் செய்திருந்தால் என்ன நடந்திருக்கும்? மாடி அறை ஒதுக்கியிருப்பார்கள். “தம்பி ஆபீஸ்ல இருக்கு, சத்தம் போடாதீங்க” என்று அம்மா தெருப் பிள்ளைகளை விரட்டியிருப்பார். பதினொரு மணிக்குக் காபி மாடி ஏறிப் போயிருக்கும். 2020ல் ஊர் திரும்பிய பையன்களுக்கு நடந்தது அதுதான். பக்கத்து அறையில் அதே கம்பெனி வேலையைப் பார்த்த தங்கைக்கு நடந்தது வேறு. ஆண் வீட்டிலிருந்தால் வீடு ஆபீஸாகிறது. பெண் வீட்டிலிருந்தால் ஆபீஸும் அடுப்படியாகிவிடுகிறது. ‘வீட்டிலிருந்து வேலை பார்த்தால் பெண்களுக்கு எவ்வளவு சௌகரியம்’ என்று மேடையில் பேசுகிறவர்கள், யாருக்குச் சௌகரியம் என்று ஒரு தடவை விளக்கினால் தேவலை. கம்பெனிக்கு நாற்காலி, மேஜை, கரண்ட், வாடகை மிச்சம். குடும்பத்துக்கு வேலைக்காரியும் சம்பாத்தியமும் ஒரே ஆளில். இரண்டு முதலாளிகள், ஒரு நாளில் இருபத்து நாலு மணி நேரம்.

அதனால்தான் நான் சொல்கிறேன்: வேலை வர வேண்டியது வீட்டுக்கு அல்ல, ஊருக்கு. வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஒரு கூடம் வேண்டும். பத்து மேஜை, நல்ல கண்ணாடி இழை இணைப்பு, கரண்ட் போனால் ஓட ஒரு ஜெனரேட்டர், பக்கத்து அறையில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு அம்மாள். காலையில் அவள் செருப்பை மாட்டிக்கொண்டு புறப்பட வேண்டும். புறப்படுகிறாள் என்பதைத் தெரு பார்க்க வேண்டும். பத்து பேர் சேர்ந்து உட்கார்ந்திருக்கும் இடத்தில், தேன் குரல்காரி பதிவுக் கட்டணம் கேட்டால் ஒருத்தியாவது “ஏன்டி, இதே மாதிரி என் தங்கச்சிகிட்டயும் கேட்டாங்க” என்பாள். ஏமாற்றுகிறவனுக்குத் தனித்தனி வீடு வேண்டும், கூடம் ஆகாது. 

இது நடக்காத காரியமா? தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறை என்ற கிராமத்தில் ஸோஹோ கம்பெனி 2011ல் ஆபீஸ் போட்டது. கிராமத்திலேயே மையம் வைத்துக் கம்ப்யூட்டர் வேலை கொடுப்பது என்ற யோசனையோடு, சென்னை ஐ.ஐ.டி.யின் ஆதரவில் தேசிக்ரூ என்ற கம்பெனி 2007ல் தொடங்கியது. வானத்திலிருந்து எதுவும் விழ வேண்டாம்.

கட்டடம்கூடக் கட்ட வேண்டாம். வலையபட்டியிலும் மேலைச்சிவபுரியிலும் ஒரு தெருவிலிருந்து அடுத்த தெரு வரை நீளும் வீடுகள் இருக்கின்றன. பர்மாத் தேக்கில் தூண், வளவைச் சுற்றிலும் அறைகள், கிணறு, காற்று. வருஷத்தில் இரண்டு நாள் படைப்புக்கோ ஒரு கல்யாணத்துக்கோ திறக்கிறார்கள். மீதி நாளெல்லாம் வௌவால் குடியிருக்கிறது. அப்படி ஒரு வீட்டின் முகப்பில் பத்து மேஜை போட இடம் கேட்கலாம் என்று, ஒரு வீட்டின் காவல்காரரிடம் சாவி யாரிடம் இருக்கிறது என்று விசாரித்தேன். பங்காளிகள் எட்டுப் பேராம். ஏழு பேருக்கு ஆட்சேபணை இருக்காது என்றார். எட்டாமவர் சென்னையில் இருக்கிறார், சாவி அவரிடம்தான். நேரில் போனால் பார்க்கலாம்; ஆனால் பகலில் போனால் பேச முடியாது என்று எச்சரித்தார். அவர் பேரன் வீட்டிலிருந்தபடியே அமெரிக்கக் கம்பெனிக்கு வேலை பார்க்கிறானாம். இரவெல்லாம் வேலை, பகலில் தூக்கம். அதனால் அந்த வீட்டில் பகலில் யாரும் சத்தமாகப் பேசுவதில்லையாம்.